கூரை மேலிருந்து கத்துவதுபோல

கோமினாமி
பிப்ரவரி 12, புதன் மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். பனி கொட்டும் இந்நாட்களில் உங்கள் தொடை எலும்பும் தோள்பட்டையும் சிறிது சிறிதாகத் தேறிவருகின்றன என்று நம்புகிறேன். அம்மாவும் நானும் நலம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எங்கள் மொழி ஆசிரியை சொல்லியிருப்பதால் இவ்வளவும் எழுதினேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள்மேல் கடும் கோபம்.

முதலில் அந்தக் கரடி. போன வாரம் உங்கள் கைபேசிக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். பனிச்சரிவைப் பற்றி நூலகத்தில் இருக்கும் புத்தகங்களையெல்லாம் படித்து, முக்கியமானதை மட்டும் திரட்டித் தட்டியது. அதற்கு நீங்கள் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் ஒரு கரடிப் படத்தை அனுப்பினீர்கள். அம்மாவிடம் காட்டினேன். “அப்பாவுக்குக் கண்ணாடி இல்லடி, சின்ன எழுத்து தெரியாது” என்றாள். கண்ணாடி பனிக்குள் போய்விட்டது எனக்கும் தெரியும். அதனால்தான் இதைக் கட்டம் போட்ட தாளில் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் ‘ம்ம், ம்ம்’ என்று கேட்டுவிட்டு, நர்ஸ் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தின் நடுவில் உங்களால் ‘ம்ம்’ சொல்ல முடியாது.

கடை நடக்கிறது. அம்மா ஒருத்தியே எல்லாத் தலைகளையும் பார்க்கிறாள். உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் மட்டும் “ஸெய்ஜி வரட்டும்” என்று காதை மூடும் அளவுக்கு முடி வளர்த்துக்கொண்டு திரிகிறார்கள். கூரைமேல் பனி என் தோள் உயரத்துக்கு ஏறிவிட்டது. அந்தக் கனத்தில் கதவுகள் இறுகி, குளியலறைக் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. நான் கூரையில் ஏறுகிறேன் என்றேன். அம்மா கையில் இருந்த சீப்பாலேயே என் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

இப்போது ஸ்கீ, அந்தப் பனிச்சறுக்குக் கட்டை.

நேற்று பள்ளி விடுமுறை என்பதால் கடையில் முடி கூட்டிக்கொண்டிருந்தேன். நாகுமோ மாமா முகச்சவரத்துக்கு வந்தார். அவருடைய நூடுல்ஸ் கடையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார். அம்மா கத்தியைத் தீட்டி அவர் கழுத்தருகே கொண்டுபோனதும் வழக்கம்போல மெதுவாக விசிலடிக்க ஆரம்பித்தார். “விசிலடிச்சா தொண்டை ஆடுது, சும்மா இருங்க” என்றாள் அம்மா. “பயத்துல தானா வருது யோஷியே. சின்ன வயசுல பல் பிடுங்கப் போனப்பவே ஆரம்பிச்ச பழக்கம்” என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அவர், ஏதோ கடைக்குப் போய் முள்ளங்கி வாங்கி வருவதாகச் சொல்வதுபோல, “திங்கக்கிழமை நானும் நூலகப் பொண்ணும் பீச்மரச் சரிவுக்குப் போறோம். ஸெய்ஜியோட இன்னொரு ஸ்கீ அங்கதானே கிடக்குது. நீளக் கம்பியால குத்திப் பாத்தா கிடைச்சிடும்” என்றார்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. கத்தி அவர் கழுத்தின்மேல் அப்படியே இருந்தது. விசிலும் நின்றுவிட்டது. பிறகு அம்மா மீதிப் பாதி முகத்தையும் மழித்து, சூடான துண்டை வைத்து அழுத்தினாள். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள் என்று நினைக்கிறேன்.

அப்பா, அந்த ஸ்கீயை எடுத்துவரச் சொன்னது நீங்களா?

நீங்கள்தான் என்று அவர் சொல்கிறார். வார்டிலிருந்து தொலைபேசியில் பேசினீர்களாம். ஒரு ஸ்கீ கிடைத்து என்ன பயன், ஜோடி அங்கேயே கிடக்கிறதே, வெயில் அடித்தால் நுனியாவது தெரியும் என்றீர்களாம். விபத்துக்குப் பிறகு உங்கள் கண்ணாடியைப் பற்றி நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஸ்கீயைப் பற்றி எங்களிடமே எத்தனையோ முறை கேட்டுவிட்டீர்கள். உங்களைப் பனிக்குள்ளிருந்து வெளியே எடுத்த இரண்டு பேரை, அதே இடத்துக்கு, ஒரு கட்டைக்காக அனுப்புகிறீர்கள்.

செய்தித்தாளில் வரும் வானிலைப் படத்தைத் தினமும் வெட்டி வைக்கிறேன். சனியும் ஞாயிறும் வடமேற்குக் காற்றோடு கனத்த பனி. திங்கட்கிழமை நல்ல வெயில். இது ஜனவரியில் விபத்து நடந்த அந்தத் திங்கட்கிழமை இருந்த அதே படம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் கோடுகள்கூட ஒத்துப்போகின்றன.

நீங்கள் மூவரும் ‘திங்கட்கிழமைக் குழு’ என்று பெயர் வைத்துக்கொண்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. முடிதிருத்தும் கடைக்கும் நூடுல்ஸ் கடைக்கும் நூலகத்துக்கும் வாரத்தில் ஒரே நாள் விடுமுறை, அன்று மூன்று பேரும் மலைக்குப் போவது எவ்வளவு அழகு என்று நினைத்தேன். இப்போது புத்தகங்களைப் படித்தபிறகு தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது. இரண்டு நாள் புயலில் காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் பலகைபோல அடுக்கி வைக்கும். அது கீழே ஒட்டிக்கொள்ளச் சில நாட்களாவது வேண்டும். புதன் வரை காத்திருந்தால் நல்லது. ஆனால் புதன்கிழமை நூலகம் திறந்திருக்கும். ஆகவே திங்கள். பனிக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று இருப்பதே தெரியாது அப்பா. முடிதிருத்துவோர் சங்கத்தில் அது உறுப்பினர் இல்லை.

இன்று பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போய்க் குவாபரா அக்காவிடம் நேராகவே கேட்டேன். அன்றைக்கு மேலே நின்றபோது என்ன நினைத்தீர்கள் என்று. அக்கா புத்தகங்களில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அன்றிலிருந்தே அவர் குத்தும் தேதி கோணலாக விழுகிறது, இரண்டு முறை விழுகிறது. முத்திரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“வும்முன்னு ஒரு சத்தம் வந்துச்சு ஃபுமினோ. காலுக்கு அடியில பனி ஒரு அங்குலம் உக்காந்த மாதிரி. பனிச்சரிவுப் பயிற்சியில அதைத்தான் முதல்ல சொல்லிக்குடுப்பாங்க, அந்தச் சத்தம் கேட்டா திரும்பிடுன்னு. ஆனா நான் பனியே அவ்வளவா விழாத சைதாமாலேருந்து போன வருஷம் வந்த ஆளு. உங்கப்பாவும் நாகுமோ சாரும் இந்த மலையிலேயே பொறந்தவங்க. நாகுமோ சார் ஜாலியா விசிலடிச்சிட்டு நின்னாரு. அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு பேசாம இருந்துட்டேன்.”

ஜாலியாக விசிலடித்தாராம்! அப்பா, நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து நேராக நூடுல்ஸ் கடைக்கு ஓடி நாகுமோ மாமாவிடமும் அதையே கேட்டேன். அவர் மாவைப் பிசைந்துகொண்டே, “சத்தம் எனக்கும் கேட்டுச்சு, திரும்பிடலாம்னுதான் தோணுச்சு. ஆனா பயிற்சி எடுத்த பொண்ணு வாயே தொறக்கல. உங்கப்பன் சிரிச்சிக்கிட்டே ஸ்கீயை மாட்டினான். நான் ஒருத்தன் மட்டும் பயந்தாங்கொள்ளியா ஆகணுமா?” என்றார்.

ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்துத் தைரியம் எடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்று பேரிடமும் தைரியமே இல்லை. இதை எந்தப் புத்தகத்தில் போடுவது?

இன்னொன்று. நாகுமோ மாமா அன்று மின்சாரத்தில் சூடாகும் அந்த உள்சட்டையைப் போட்டிருந்தார் அல்லவா? புதைந்தவர் எங்கே என்று காட்டும் பீக்கனை அதன் மின்சாரம் குழப்பிவிடும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். மாமா சிரித்தார். அன்று அவர் கையில் இருந்த பீக்கன் ஒரு நொடி உங்களை இடப்பக்கம் காட்டியது, மறுநொடி வலப்பக்கம், அப்புறம் எங்குமே இல்லை என்றது. “நீங்க தள்ளி நில்லுங்க சார்!” என்று அக்கா கத்திவிட்டுத் தன் கருவியை வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடித்தார். புதைந்தவர்கள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்கள் என்று புத்தகத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. கோடு கால்மணி நேரத்துக்குப் பிறகு செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. அந்தப் பக்கத்தை நான் மூடிவிட்டேன். இப்போது மாமா திங்கட்கிழமைக்காக அந்தச் சட்டைக்குப் புது மின்கலம் வாங்கி வைத்திருக்கிறார். ‘போன தடவை பாதியில சூடு கொறஞ்சிடுச்சு’ என்பதுதான் அவர் அந்த விபத்திலிருந்து கற்ற ஒரே பாடம்.

திங்கட்கிழமை போக உங்களுக்குப் பயமில்லையா என்று அக்காவிடம் கேட்டேன். “உங்கப்பா கேட்டிருக்காரே, எப்படி மாட்டேங்கிறது” என்றார். மறுபடியும் அதேதான்.

ஆகையால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் சின்னப்பெண். அம்மா சொன்னால் பயந்த மனைவி. உங்கள் சொல்லை மட்டும் அவர்கள் தட்டமாட்டார்கள், தட்டத் தெரியாது. போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன், ஆனால் கோபத்துடன்,
உங்கள் மகள்
ஃபுமினோ

பி.கு. கரடி அனுப்ப வேண்டாம்.


கோமினாமி
பிப்ரவரி 14, வெள்ளி

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னிக்கவும். இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நாளைக்குள் உங்கள் கையில் இருக்கும்.

கரடி வந்தது. இந்த முறை இரண்டு கட்டைவிரல். அதன்கீழே ‘சொல்லியாச்சு’ என்று ஒரு வார்த்தை. நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, அரை மணிநேரம் மகிழ்ச்சியாகக் கணக்குப் பாடம் செய்தேன். அப்புறம் கடைக் கதவைத் திறந்துகொண்டு நாகுமோ மாமா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“உங்கப்பன் போன் பண்ணான் பாப்பா. என்ன நாகரிகம் பாரு அவனுக்கு! ‘அதுக்காக நீங்க சிரமப்பட வேணாம்ப்பா, விட்டுடுங்க’ன்னு சொல்றான். அவன் நிலைமையில வேற எப்படிச் சொல்வான்? வாய்விட்டுக் கேக்கக் கூச்சம். அப்படியே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கட்டாயம் எடுத்துட்டு வந்துடுவேன்” என்றார்.

அப்பா! சிரமப்பட வேண்டாம் என்றா சொன்னீர்கள்?

நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியாதா? அம்மா பக்கத்து வீட்டுக்கு ஊறுகாய் கொண்டுபோனால் அவர்கள் ‘எதுக்கு இந்தச் சிரமம்’ என்பார்கள். அம்மா ஊறுகாயைத் திருப்பியா கொண்டுவருகிறாள்? மேலும் கொஞ்சம் அள்ளி வைத்துவிட்டுத்தானே வருகிறாள்? ‘ஸ்கீ கிடக்கிறதே’ என்றீர்கள், அவர் காதில் அது ‘எடுத்து வா’ என்று விழுந்தது. ‘வேண்டாம், சிரமம்’ என்றீர்கள், ‘கட்டாயம் எடுத்து வா’ என்று விழுந்தது. இன்னும் ஒருமுறை பணிவாக மறுத்தீர்கள் என்றால் ஊரையே திரட்டிக்கொண்டு மலையேறிவிடுவார். இப்போதே மீன்கடைக்காரரையும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நல்லவேளை, அவருக்குத் திங்கட்கிழமை விடுமுறை இல்லை.

நான் மாமாவிடம், “அப்பா நிஜமாவே வேணாம்னுதான் சொல்றார்” என்றேன். அவர் என் தலையைத் தடவி, “நீயும் அப்பனை மாதிரியே வளந்திருக்க” என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்குத் துடைப்பத்தைத் தூக்கி வீசவேண்டும்போல் இருந்தது. வீசவில்லை. வீசினாலும் அதைப் பணிவு என்றுதான் நினைத்திருப்பார்.

எப்படிச் சொன்னால் இந்த ஊரில் ஒருவருக்குப் புரியும் என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். புத்தகத்தில் கிடைக்கவில்லை. குளியலறைக் கதவை இடித்துத் திறக்கும்போது மேலே கூரையைப் பார்த்தேன், அப்போதுதான் நினைவு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்தீர்கள். நான் கீழே தெருவில் காவல் நின்றேன். கோயில் தலைமைத் துறவி குடையைப் பிடித்துக்கொண்டு, யாரோ செத்த வீட்டுக்கு மந்திரம் சொல்லப் போகிற அவசரத்தில், சரியாகக் கூரை நுனிக்குக் கீழே வந்துவிட்டார். எந்த மரியாதைச் சொல்லில் தொடங்குவது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து நீங்கள், “யோவ் மொட்டை! நகரு!” என்று கத்தினீர்கள். அந்தத் தலைக்கு மொட்டை அடிப்பவரே நீங்கள்தான். அவர் பட்டு அங்கியைத் தூக்கிக்கொண்டு முயல்போலத் தாவினார். அவர் நின்ற இடத்தில் ஒரு லாரி அளவுக்குப் பனி விழுந்தது. அவர் குடை மட்டும் அதற்குள் போனது. மறுநாள் மூங்கிலிலைக் கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்து, உங்கள் முன்னால் குனிந்து நன்றி சொன்னார். மொட்டை என்றதைப் பற்றி அவரும் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை. கூரையிலிருந்து சொல்வதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அதற்கு வேறு பொருள் தேடுவதும் இல்லை.

கூரையில் ஏறினால் நீங்கள் வேறு ஆள். கயிறு கட்டாமல் யாரையும் ஏறவிடமாட்டீர்கள். தனியாகத் தள்ளமாட்டீர்கள். மேயராக இருந்தாலும் ‘நகரு’ என்பீர்கள். இரண்டு மாடி உயரத்தில் இவ்வளவு அறிவோடு இருக்கும் ஒருவர், பத்து மடங்கு உயரத்தில் நின்றுகொண்டு, காலடியில் ‘வும்’ என்று சத்தம் வந்தும், சிரித்துக்கொண்டே ஸ்கீயை ஏன் மாட்டினார்? இதை நான் கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை. அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டதா இல்லையா என்பதை மட்டும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

அதை அப்புறம் சொல்லுங்கள். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். நாகுமோ மாமா கூரை நுனிக்குக் கீழே நிற்கிறார், குவாபரா அக்காவும் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு தொலைபேசியை எடுங்கள்.

அம்மா எதுவும் சொல்வதில்லை. உங்கள் நீளக் கம்பியைக் கடன் கேட்டு மாமா ஆள் அனுப்பியபோது அதைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தாள். இரண்டு தடவை துடைத்தாள். இப்போது மூன்றாவது தடவை துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஃபுமினோ


கோமினாமி
பிப்ரவரி 17, திங்கள் மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நேற்று இரவு நர்ஸிடம் நீங்கள் அதிகம் திட்டு வாங்கியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் இருந்ததால் இந்தப் பக்கத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

நேற்று கடை அடைத்ததும் அம்மாவும் நானும் கம்பியைக் கொடுக்க நூடுல்ஸ் கடைக்குப் போனோம். குவாபரா அக்கா முன்பே வந்திருந்தார். மேசைமேல் பனி அள்ளும் ஷவல், கயிறு, பீக்கன் எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். மாமா அந்தச் சூட்டுச் சட்டையைக் காட்டி, “பட்டனை அமுக்கினா மூணு வெளிச்சம் வருது பாரு” என்று எனக்கு விளக்கினார். வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் தொலைபேசி மணி அடித்தது. மாமாவின் கையெல்லாம் மாவு. அதனால் முழங்கையால் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“நாகுமோ! நகருடா!”

அப்பா, அவர் உண்மையிலேயே நகர்ந்தார். பின்னால் இரண்டடி தாவி, தலைக்குமேல் கையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அக்காவும் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார். நீங்கள் விடவில்லை. “சிரமப்பட வேணாம்னு சொல்லல. போகாதேன்னு சொல்றேன். அந்தப் பொண்ணையும் கூட்டிட்டுப் போகாதே. ஸ்கீயும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். போகாதே!” பின்னால் ஒரு பெண் குரல், “இகராஷி சார், இது ஆஸ்பத்திரி” என்றது. மாமா தயங்கித் தயங்கி, “இல்லடா, மரியாதைக்குச் சொல்றியோன்னு...” என்றார். “மரியாதையா? உனக்கா?” என்றீர்கள். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு உங்களுக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு தொடர்பு போய்விட்டது என்று நினைத்து மாமா முழங்கையால் தடவிப் பார்த்தார். அப்போதுதான் நீங்கள் மெல்லிய குரலில் அதைச் சொன்னீர்கள். “அன்னைக்கு எனக்கும் கேட்டுச்சு. வும்முன்னு. திரும்பிடலாம்னு யாராவது சொல்லுவீங்களான்னு பாத்தேன். நீ விசிலடிச்ச. சரி, இவனுக்கே பயமில்லன்னு நெனச்சேன்.”

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் அம்மா தொலைபேசிக்குப் பக்கத்தில் போய்ப் பேசினாள். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

“அவரு பயந்தாத்தான் விசிலடிப்பாரு. இருபது வருஷமா அவரு கழுத்துல கத்தி வெக்கிறீங்களே, இது தெரியாதா உங்களுக்கு?”

அது உங்கள் காதில் விழுந்திருக்கும். ஆனால் உங்களுக்குத் தெரியாதது இது: அதைச் சொன்னதும் அம்மா கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னால் போனேன். கடைக்குப் பக்கத்தில் பனியைக் குவித்து வைத்திருக்கிறார்களே, அந்தக் குவியலில் கம்பியைக் குத்தினாள். எடுத்து ஓரடி தள்ளிக் குத்தினாள். மறுபடியும் ஓரடி. நான் கூப்பிட்டபோது காதில் விழவில்லை. அக்கா வந்து அவள் கையைப் பிடித்து, “யோஷியே அக்கா, அவர் ஆஸ்பத்திரியில இருக்கார். கிடைச்சிட்டார்” என்றபிறகுதான் நிறுத்தினாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கம்பி நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

இன்று திங்கட்கிழமை. வானிலைப் படம் சொன்னதுபோலவே வெயில். வானம் கழுவித் துடைத்ததுபோல நீலமாக இருந்தது. பள்ளி ஜன்னலிலிருந்து பீச்மரச் சரிவு முழுதும் தெரிந்தது. நான் எல்லாப் பாட வேளையிலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதுவும் விழவில்லை. ஒரு பிடிப் பனிகூட நகரவில்லை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்தால் நம் கூரைமேல் நாகுமோ மாமாவும் குவாபரா அக்காவும் கயிறு கட்டிக்கொண்டு பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள். மலைக்கென்று எடுத்து வைத்த ஷவல் வீணாகக்கூடாதாம். மாமா அந்தச் சூட்டுச் சட்டையைத்தான் போட்டிருந்தார். நல்ல வெயிலில் வியர்த்து ஊற்றியது. மின்கலம் செலவாகட்டும் என்று கழற்ற மறுத்துவிட்டார். அம்மாவும் நானும் கீழே காவல் நின்றோம்.

நடுவில் மாமா நிமிர்ந்து மலையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “ஒண்ணுமே ஆகலையே. போயிருக்கலாம் போலிருக்கே?” என்றார். அக்கா ஷவலைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, “நான் வந்திருக்கமாட்டேன்” என்றார். மன்னிக்கவும் என்று சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. மாமா அவர் பக்கம் திரும்பினார். “அப்படியா? சரி” என்றார். “இனிமே மேல போனா நீதான் மொதல்ல பேசணும். எங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாடி பேசணும்.” அக்கா அதற்கும் “சரி” என்றார். பிறகு கீழே ஒரு பூனை வந்தது. அக்கா தெரு அதிர, “ஏய், நகரு!” என்று கத்தினார். சைதாமாக்காரர் கத்தியதுபோலவே இல்லை.

குளியலறைக் கதவு இப்போது ஒரு விரலால் திறக்கிறது.

உங்கள் ஸ்கீயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் அந்தச் சரிவில் பனி முழுதும் கரைந்துவிடும், நாணல் முளைக்கும். பனிக்குள் போனதெல்லாம் அப்போது தானாகவே மேலே வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஸ்கீ வரும், கண்ணாடியும் வரலாம். நானும் குவாபரா அக்காவும் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்துபோய் எடுத்துவருவோம். அதுவரை அது அங்கேயே கிடக்கட்டும். அதற்குக் குளிராது, பசிக்காது, அதற்காக வாசலைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

நீங்கள் அதற்கு முன்னால் வந்துவிடுங்கள். கால் சரியாகும்வரை அவசரப்படாமல் இருங்கள், ஆனால் அதற்கு முன்னால் வந்துவிடுங்கள். இது பணிவாகச் சொல்வதில்லை, அப்பா. கூரை மேலிருந்து சொல்கிறேன்.

உங்கள் மகள்
ஃபுமினோ

பி.கு. கரடி அனுப்பலாம். அம்மா கேட்கிறாள்.